எண்ணூர் உப்பளத்துக்கு வந்த கறுப்புக் கண்ணாடி

பட்டம்மாள் எதையும் உடனே கைநீட்டி வாங்கிவிட மாட்டாள். கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுத்தால்கூட வெற்றிலையைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் மடியில் கட்டுவாள். கத்திவாக்கத்தில் அவள் குடியிருந்த குடிசை வரிசையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் கோபித்துக்கொள்வதில்லை. "பாத்து வாங்குனா இன்னா கொறஞ்சிப் பூடுது?" என்பதோடு சரி.

அவள் அப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய அக்கா மலர்க்கொடிக்கு நாற்பது வயதிலேயே கண்ணில் பூ விழுந்துவிட்டது. யுத்தம் முடிந்த வருஷம் தலைப்பாகையும் தோல்பையுமாக ஒரு கண் வைத்தியன் அந்தப் பக்கம் வந்தான். காசு வேண்டாம், பார்வை வந்த பிறகு மனசிருந்தால் கொடு என்றான். வேப்பமரத்தடியில் மலர்க்கொடியை உட்காரவைத்து இரண்டு கண்ணிலும் ஊசியால் குத்திப் பூவைக் கீழே தள்ளினான். எதிரே விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டான். அவள் சரியாகச் சொன்னாள். கூடி நின்றவர்கள் மலைத்துப்போய் அவனுக்கு அரிசியும் கோழியும் கொடுத்து அனுப்பினார்கள். வாரம் திரும்புவதற்குள் இரண்டு கண்ணும் சீழ் வைத்து உள்ளே போய்விட்டன. அன்றிலிருந்து மலர்க்கொடி தங்கை வீட்டில்தான் இருந்தாள். கையால் தடவியே அரிசியில் கல் பொறுக்குவாள், மீன் கழுவுவாள். அந்த வைத்தியனைப் பற்றி அவள் பேசியதே இல்லை. பட்டம்மாள்தான் வெளியே போன இடத்தில் பேசிக்கொண்டிருப்பாள்.

பட்டம்மாளும் அவள் புருஷன் வேலப்பனும் எண்ணூர் உப்பங்கழிக்கு மேற்கே இருந்த உப்பளத்தில் வேலை செய்தார்கள். வேலப்பன் நீண்ட கொம்பு வைத்த பலகையால் பாத்தியில் விளைந்த உப்பை வாரி வரப்போரம் ஒதுக்குவான். பட்டம்மாள் மற்ற பெண்களோடு அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவாள். காலுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொள்ளலாம். தலைக்குச் சும்மாடு இருக்கிறது. கண்ணுக்குத்தான் ஒன்றும் இல்லை. மாசி பிறந்துவிட்டால் மேலே இருக்கும் சூரியனைவிடக் கீழே இருக்கும் சூரியன் மோசம். பாத்திக்குப் பாத்தி வெள்ளையாகப் பரந்து கிடக்கும் உப்பிலிருந்து வெளிச்சம் முகத்தில் அறையும். பெண்கள் முந்தானையால் முகத்தைச் சுற்றிக் கண்ணுக்கு மட்டும் ஒரு கீற்று விட்டிருப்பார்கள். சிலர் கண்ணுக்குக் கீழே மையைக் குழைத்து அப்பிக்கொள்வார்கள். அப்படியும் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் இமைக்குள் மணலைக் கொட்டியது போல இருக்கும். விளக்கைப் பார்க்க முடியாது.

உச்சி வேளையில் எல்லோரும் ஓலைக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். இது முதலாளி மனமிரங்கிக் கொடுத்த ஓய்வு அல்ல. அந்த நேரத்தில் யாருக்கும் கண் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு நடந்து வரப்பை மிதித்து உடைத்து, சேற்றை உப்பில் கலந்துவிடுவார்கள். அதனால் மேஸ்திரி லோகநாதனே கொட்டகையில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்து எல்லோரையும் உள்ளே வரச்சொல்வார். நிழல் கிழக்கே சாய்ந்த பிறகு இன்னொரு தரம் அடிப்பார். காலங்காலமாக அப்படித்தான் நடந்துவந்தது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த ஒரு கோடையில், மேஸ்திரி மாட்டுவண்டியில் ஒரு மரப்பெட்டி கொண்டுவந்து இறக்கினார். உள்ளே வைக்கோலுக்கு நடுவே கறுப்புக் கண்ணாடிகள். பட்டாளத்துக்காரர்களுக்குச் செய்தவை. யுத்தம் முடிந்ததும் ஏலத்துக்கு வந்த சரக்கு. ஓரத்தில் தோல் வைத்து, பின்னால் கட்ட இழுவைப் பட்டியும் வைத்திருந்தது.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. முதலாளி குடுக்கச் சொன்னாரு. சொம்மாதான்" என்றார் லோகநாதன்.

ஒருவரும் அசையவில்லை. குடிக்கத் தண்ணீர்ப் பானை ஒன்று கூடுதலாக வையுங்கள் என்று மூன்று கோடையாகக் கேட்டும் காதில் வாங்காத முதலாளி அவர்.

பட்டம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "இன்னாத்துக்கு, மேஸ்திரி?"

"இன்னாத்துக்குன்னா? கண்ணு நல்லாருக்கட்டும்னுதான்."

"எங்க கண்ணு நல்லாருந்தா அவருக்கு இன்னா?"

மேஸ்திரி குடையை விரித்துக்கொண்டு மேட்டுப் பக்கம் போய்விட்டார். அவர் பதில் சொல்லாமல் போனதைப் பட்டம்மாள் மனதில் குறித்துக்கொண்டாள்.

அன்று கொட்டகையில் வேறு பேச்சே இல்லை. செத்த சோல்ஜர் முகத்திலிருந்து கழற்றியது என்றான் ஒருவன். கண்வலிக்காரன் போட்டதாக இருந்தால் மொத்த அளத்துக்கும் மெட்ராஸ் கண்வலி வந்துவிடும் என்றாள் ஒருத்தி. பொம்பளைங்க இதைப் போட்டுக்கொண்டு ரயிலடியில் நடந்தால் என்ன பேச்சு வரும் என்பது இன்னொருத்தியின் கவலை. கடைசியில் வேலப்பன் எழுந்துபோய் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே பார்த்தான்.

"இன்னாய்யா தெரீது?" என்று கேட்டாள் பட்டம்மாள்.

"எல்லாம் தெரீதுமே" என்றான் அவன். "அந்தாண்ட கழில படகு போவுது. துடுப்பு வலிக்கிறவன் சட்டை போட்டுகினு கீறான்."

அதைக் கேட்டதும் ஆண்கள் ஒவ்வொருவராகப் பெட்டிப் பக்கம் போனார்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் பெண்களும் எடுத்துக்கொண்டார்கள். பட்டம்மாள் தனக்கானதை எடுத்து முந்தானையில் முடிந்துவைத்தாளே தவிரப் போடவில்லை. வீட்டில் அதைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். சுடுதண்ணீரில் போட்டு எடுத்தாள். கொடியில் காயவைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள்.

வேலப்பனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "தேளப் பாக்கற மாதிரி பாத்துகினு கீறியே. நான் போட்டுகினுதான கீறேன், எனக்கு இன்னா ஆச்சி? கண்ணு செவக்கறது நின்னுபூச்சி பாரு."

"அக்காகூட மொதல்ல வெரலை எண்ணிச்சி" என்றாள் பட்டம்மாள்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த மலர்க்கொடி கையை நீட்டினாள். "இங்க குடு பட்டு, அத்த." வாங்கி, கண்ணாடியை, தோலை, பட்டியை எல்லாம் விரலால் தடவிப் பார்த்தாள். பட்டம்மாளுக்கு என்னவோ போல் இருந்தது. அந்த வீட்டில் கண்ணைப் பற்றி மலர்க்கொடி முன்னால் யாரும் பேசுவதில்லை.

"இது உள்ள பூறது இல்ல. வெளிய நிக்கிறது" என்றாள் மலர்க்கொடி. "அவன் குத்துனதை நான் எடுத்துப்போட முடியல. இத்தக் கயட்டிப் போட்டா தீந்துது. போட்டுக்க."

அப்படியும் பட்டம்மாள் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறித் திருவொற்றியூருக்குப் போனாள். அங்கே ஒரு டிஸ்பென்சரியில் ஐரீன் என்ற ஆங்கிலோ இந்திய, சட்டைக்கார நர்ஸ் இருந்தாள். வீடு எண்ணூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் என்றாலும் அன்று அவளுக்கு டிஸ்பென்சரியில்தான் வேலை. பட்டம்மாள் எப்போதாவது அவள் வீட்டுக்கு நண்டு கொண்டுபோய்க் கொடுப்பதுண்டு. ஐரீன் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பட்டம்மாளின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி இமையை விரித்துப் பார்த்தாள்.

"மூக்கோரம் ரெண்டு கண்ணுலயும் சதை வளருது. வெள்ளைல கீது இப்போ. கறுப்பு மேல ஏறிச்சின்னா பார்வை கெட்டுப்போவும். வெயில்ல, உப்புல நிக்கிறவங்களுக்கு வர்றதுதான். இந்தக் கண்ணாடி நல்ல கண்ணாடி. கயட்டாம போடு."

"வேற ஒண்ணும் இல்லியே, நர்ஸம்மா?"

"வேற இன்னா? யாரு குடுத்தது இது?"

"மொதலாளி."

"நல்ல ஆளு போல கீது."

"அதான் பயமா கீது" என்றாள் பட்டம்மாள். ஐரீன் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று யோசித்துக்கொண்டே பட்டம்மாள் ரயிலடிக்கு நடந்தாள். நர்ஸுக்கும் முதலாளிக்கும் ஏதாவது பழக்கம் இருக்குமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மறுநாள்தான் போட்டாள். உலகம் பாசிப் பச்சையாக மாறியது. கண்ணை இடுக்காமல் நின்று அளத்தை அவள் முழுசாகப் பார்த்தது அன்றுதான். தண்ணீர் தெளிவாகக் கிடந்தது. பாத்தியின் ஓரத்திலிருந்து உப்பு ஏடாகப் படர்ந்து வந்திருந்தது. தூரத்தில் சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் அந்தக் கோட்டுக்கு நேராக நின்றுதான் கூடை சுமந்திருக்கிறாள். அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் மேட்டில் குடைக்குக் கீழே மேஸ்திரி இவர்களையே பார்த்துக்கொண்டு நிற்பதும் இப்போது தெளிவாகத் தெரிந்தது.

பங்குனி பாதியில் விஷயம் வெளிவந்தது. உச்சி நேரத்துக்குத் தண்டவாளம் அடிக்கவில்லை. ஆட்கள் பழக்கத்தில் தாங்களாகவே கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தார்கள். மேஸ்திரி வாசலில் வந்து நின்றார்.

"எதுக்குக் குந்திகினு கீறீங்க? கண்ணு கூசுதுன்னுதான உள்ள வருவீங்க. இப்பதான் கூசலியே. இனிமே மத்தியானமும் வேலை. முதலாளி உத்தரவு."

யாரும் பட்டம்மாளைப் பார்க்காமல் இல்லை. அவள் சந்தேகப்பட்டபடிதான் ஆயிற்று. அன்று சாயங்காலம் பெண்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். எல்லாக் கண்ணாடியையும் பெட்டியில் திருப்பிப் போட்டுவிடலாம், கண் கூசட்டும், பழைய மாதிரி கொட்டகைக்குப் போய்விடலாம். முதலில் பட்டம்மாள் போடட்டும் என்று வழிவிட்டு நின்றார்கள்.

"நான் திருப்பிப் போட மாட்டேன்" என்றாள் பட்டம்மாள்.

சந்தேகப்பட்டவளே இப்படிச் சொல்லுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"கண்ணாடியத் திருப்பிக் குடுத்தா கண்ணுதான் போவும். மத்தியானம் திரும்பி வராது. நம்மளால நிக்க முடியும்னு அவங்க பாத்துட்டாங்க. இனிமே குருடாவே நிக்கச் சொல்லுவாங்க" என்று அவள் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். காதில் ஏறவில்லை. பெட்டியில் யாரும் போடவும் இல்லை, அவளோடு யாரும் பேசவும் இல்லை. மேஸ்திரியோடு அவளுக்கு ஏதோ ஏற்பாடு என்று பேச்சு கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை அவள் ரயிலேறிப் போனதை ஒருத்தி பார்த்திருக்கிறாள். எங்கே போனாள், யாரைப் பார்த்தாள்? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள், யாரைக் கவனிக்கிறாள் என்பது தெரியாததும் அவர்களுக்குச் சௌகரியமாகப் போயிற்று. அவள் தங்கள் பக்கம் திரும்பினால் உளவு பார்க்கிறாள் என்றார்கள். திரும்பாவிட்டால் நடிக்கிறாள் என்றார்கள். வரப்பில் எதிரே வருகிறவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு கடந்துபோனார்கள்.

பட்டம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் அவளும் அவர்களைச் சந்தேகப்பட்டாள். தன்னைப் பற்றி இந்தப் பேச்சைக் கிளப்பியது யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். எதிரே இருந்ததெல்லாம் கறுப்புக் கண்ணாடி. ஒரு முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

மத்தியான வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே வேலப்பன் விழுந்தான். பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தவன் அப்படியே முன்னால் சாய்ந்து பாத்தித் தண்ணீரில் குப்புற விழுந்தான். நாலு பேர் தூக்கிவந்து வரப்பில் கிடத்தினார்கள். உடம்பில் வியர்வையே இல்லை, தொட்டால் சுட்டது.

மேஸ்திரி வந்து குடையை மடக்காமலே குனிந்து பார்த்தார். "நேத்துதான் முடியாதுன்னு பொலம்பினான். இன்னிக்கு வுயுந்துட்டான். கண்ணாடிக்குள்ள கண்ணத் தொறந்துகினு படுத்துகினு கீறானா, யாரு கண்டது?"

பட்டம்மாள் வேலப்பனின் கண்ணாடியைப் பிடித்துக் கழற்றினாள். விழி மேலே செருகி வெள்ளை மட்டும் தெரிந்தது.

"பாத்துக்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மேஸ்திரி ஓரடி பின்வாங்கினார்.

கொட்டகைக்குள் தூக்கிப்போய், இருந்த ஒரே பானைத் தண்ணீரையும் தலையிலும் மார்பிலும் ஊற்றினார்கள். நாலு பெண்கள் முந்தானையை நனைத்து விசிறினார்கள். வெகு நேரம் கழித்து வேலப்பன் முனகினான். அவன் பிழைத்தான். ஆனால் அந்தக் கோடை முழுதும் அவனால் பலகை பிடிக்க முடியவில்லை. வெயிலில் கொஞ்சம் நின்றால் தலை சுற்றும். வீட்டில் மலர்க்கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலைக்கண் பின்னிக்கொண்டிருந்தான்.

மறுநாள் உச்சி வேளைக்குப் பட்டம்மாள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தனியாகக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. இதுவும் மேஸ்திரியோடு பேசிவைத்த நாடகமாக இருக்கலாம், நம்பிப் போய் உட்கார்ந்தால் வேலை போய்விடும் என்று மற்றவர்கள் வரப்பிலேயே தயங்கி நின்றார்கள். பிறகு நேற்று வேலப்பனுக்கு விசிறிய பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பயத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுவது மேஸ்திரிக்குத் தெரியக்கூடாது என்று கண்ணாடியைக் கழற்றாமலே இருந்தாள். அடுத்து வந்தவர்களும் கழற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் கொட்டகை நிறைந்துவிட்டது.

லோகநாதன் தண்டவாளத்தை அடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார். வரிசையாகக் கறுப்புக் கண்ணாடிகள் அவரைப் பார்த்தன. தூங்குகிறவர் யார், பயப்படுகிறவர் யார், தன்னை முறைக்கிறவர் யார் என்று அவருக்குப் பிடிபடவில்லை. வழக்கமாக ஒரு கண் தாழ்ந்தால் போதும், அந்த ஆளை அதட்டி எழுப்பிவிடுவார். மற்றவர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள். அன்று எந்தக் கண்ணும் அகப்படவில்லை.

"யாரு ஆரம்பிச்சது இத்த?" என்றார்.

கடைசியில் பட்டம்மாள் பக்கம் திரும்பினார்.

"பட்டம்மா, நீதான?"

"நான் குந்திகினுதான கீறேன் மேஸ்திரி, எல்லாரையும் போல" என்றாள் அவள்.

அந்த வாரம் முழுக்க அப்படியே நடந்தது. காலையில் வேலை, உச்சியில் கொட்டகை, நிழல் சாய்ந்ததும் தாங்களாகவே எழுந்துபோய் மறுபடி வேலை. சனிக்கிழமை முதலாளியே மோட்டாரில் வந்து இறங்கினார். கொட்டகையைப் பார்த்தார். தலைவன் யார் என்று மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரியால் ஒருவரையும் காட்ட முடியவில்லை. முதலாளிக்கு அவர்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"நீ சொல்லிக் கொடுத்துதான் உட்கார்ந்திருக்கிறார்களா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். லோகநாதனின் முகம் வெளுத்தது. இருபது வருஷம் அவருக்காக வெயிலில் நின்ற மனிதர்.

கிழக்கே கடல் மேல் கோடை மேகம் கறுத்துவந்தது. வாரி ஒதுக்காத உப்பு ஒரு மழையில் கரைந்துபோகும். முதலாளி மேகத்தைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். உச்சி வேளைக்கு உட்கார்ந்துகொள்ளட்டும், மற்ற நேரம் ஒழுங்காக உப்பு வாரச் சொல் என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். கண்ணாடியைப் பற்றி அவர் பேசவில்லை. திங்கட்கிழமை மேஸ்திரி அதைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தார். "சொம்மா குடுத்ததுதான?" என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று அவருக்குத் தெரியவில்லை.

பட்டம்மாளிடம் மற்றவர்கள் பழையபடி பேச ஆரம்பித்தார்கள். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ரயிலேறிப் போனதைப் பற்றிப் பேசியவள் யார் என்பதை மட்டும் கடைசிவரை விசாரித்துக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கண்ணாடிகள் அவரவர் கையில் அவரவர் விதிப்படி போயின. சிலர் விற்றார்கள், சிலது உடைந்தது. பட்டம்மாளுடையது நாலு கோடை வந்தது. பட்டி அறுந்ததும் வலைக் கயிற்றால் கட்டிக்கொண்டாள். ஒருநாள் வரப்பில் விழுந்து ஒரு பக்கம் தெறித்துப்போயிற்று. ஐரீன் மறுபடி கண்ணைப் பார்த்து, சதை இருந்த இடத்திலேயே நிற்கிறது, இனி கண்ணாடி இல்லாமல் அளத்துக்குப் போகாதே என்று சொல்லியனுப்பினாள். இந்தத் தடவை பட்டம்மாள் அவளைச் சந்தேகப்படவில்லை. அல்லது குறைவாகச் சந்தேகப்பட்டாள்.

புதுசு வாங்க ராயபுரம் போனாள். அங்கே ரயிலடிக்கு வெளியே நடைபாதையில் கண்ணாடி விற்றார்கள். முதல் ஆள் விரித்திருந்த துணியில் இருந்து பட்டம்மாள் ஒன்றை எடுத்தாள். வெயிலில் பிடித்தாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு முந்தானை நுனியை நாக்கால் நனைத்துக் கண்ணாடியை அழுத்தித் தேய்த்தாள். துணியில் கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது.

"மை பூசி வெச்சிகினு கீற" என்றாள்.

"வாங்குறதுன்னா வாங்கு, இல்லாங்காட்டி வெச்சிட்டுப் போ" என்று அவன் பிடுங்கிக்கொண்டான்.

பக்கத்தில் கடை போட்டிருந்த மஜீது பாய் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "இத்தத் தேச்சிப் பாரும்மா."

அவள் தேய்த்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு பக்கத்தையும் தேய்த்தாள். மாட்டிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தாள், எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"சரியா கீதா?" என்றார் மஜீது.

"கீது" என்றாள் பட்டம்மாள். "பெட்டில இன்னும் ரெண்டு கீதே, அதையும் குடு பாய். தேச்சிப் பாத்துட்டு எது நல்லதுன்னு சொல்றேன்."

மஜீது பாய் பெட்டியையே அவள் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, எண்ணூர் ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, நிதானமாகப் பார் என்றார்.